சிகிச்சை முடிந்தும் ‘பாசிட்டிவ்’: ஹெச். பைலோரிக்குப் பின் ரத்தப் பரிசோதனை – ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் என் அறைக்கு வந்தபோது கையில் மூன்றாவது ஆன்டிபயாட்டிக் சீட்டு இருந்தது. மருந்தை இன்னும் வாங்கவில்லை. “இதையும் சாப்பிட்டா உடம்பு தாங்குமான்னு தெரியல டாக்டர். சாப்பிடாம விட்டா கேன்சர் வந்துடுமோன்னு பயமா இருக்கு” என்றார்.

வயது 44. புகை, மது இல்லை. வலி மாத்திரை சாப்பிடும் பழக்கமும் இல்லை. (அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூடவே ஒரு தடித்த கோப்பு கொண்டு வந்திருந்தார். அதன் மேல் பக்கத்தில் ‘ஹெச். பைலோரி ஐஜிஜி: பாசிட்டிவ்’ என்ற வரியைச் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். ஹெச். பைலோரி என்பது இரைப்பையில் வாழ்ந்து புண் உண்டாக்கக்கூடிய ஒரு கிருமி. ஐஜிஜி என்பது அதற்கான ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த வரி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் சாரம்.

கோப்பில் இருந்த கதை

ஏழு மாதங்களுக்கு முன் அவருக்கு மேல்வயிற்றில் வலி தொடங்கியது. வயிறு காலியாக இருக்கும்போதும் நள்ளிரவிலும் அதிகமாக இருந்தது. சில வாரங்கள் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் மலம் தார் போலக் கறுத்துப் போகவே பயந்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஹீமோகுளோபின் 10.1. எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு புண் தெரிந்தது. ரத்தக் கசிவு அதற்குள் நின்றிருந்தது. இரைப்பையிலிருந்து எடுத்த திசுத் துணுக்கில் செய்த யூரியேஸ் பரிசோதனை ஒரு மணி நேரத்துக்குள் நிறம் மாறியது, அதாவது அங்கே ஹெச். பைலோரி கிருமி இருந்தது. ரத்தக் கசிவு இருக்கும்போது இந்தப் பரிசோதனை சில சமயம் கிருமியைத் தவறவிடும். இவருக்குத் தவறவிடவில்லை. ஆக, முதல் நாள் கண்டறிதலில் எந்தக் குறையும் இல்லை.

சிகிச்சையும் சரியானதுதான். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என நான்கு மருந்துகள், 14 நாட்கள். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று சொன்னார். நான் நம்பினேன். மாத்திரை சாப்பிட்ட நேரங்களை ஒரு தாளில் எழுதி அதையும் கோப்பில் வைத்திருந்தார். நடுவில் மலம் மறுபடியும் கறுத்ததும் ரத்தம்தான் என்று நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லையாம். பிஸ்மத் சாப்பிட்டால் மலமும் நாக்கும் கறுக்கும். ரத்தக் கசிவால் கறுத்த மலத்தைப் பார்த்து ஏற்கெனவே நடுங்கிப்போன ஒருவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

வலி போனது. ஹீமோகுளோபின் ஏறியது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது நியாயமான எண்ணம். சிகிச்சை எடுத்த எல்லோருக்குமே அந்த உறுதி தேவை, ஏனென்றால் முதல் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. சிகிச்சை முடிந்த ஏழாவது வாரம் ஒரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார். ஐஜிஜி அளவு 84 யூனிட், 20-க்கு மேல் பாசிட்டிவ் என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த மருத்துவர், கிருமி இன்னும் இருக்கிறது என்று சொல்லி கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் அடங்கிய இரண்டாவது சிகிச்சையை 14 நாட்களுக்கு எழுதினார். இந்த முறை வயிற்றுப்போக்கு. ஒன்பது நாட்கள் விடாமல் போனது. எடை நான்கு கிலோ குறைந்தது.

மூன்று மாதம் கழித்து வேறொரு ஆய்வகத்தில் மீண்டும் ரத்தம் கொடுத்தார். இந்த முறை 61. இந்த ஆய்வகத்தின் எல்லை 10. அவர் தானாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தார். முதல் தடவை எல்லையைப் போல நான்கு மடங்கு, இரண்டாம் தடவை ஆறு மடங்கு. “அப்போ இரண்டு மருந்துக்குப் பிறகும் கிருமி கூடியிருக்கு, அப்படித்தானே டாக்டர்?” என்று கேட்டார். அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த நிலையை என்னால் மறக்க முடியவில்லை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது என்பதையும் எங்கோ படித்திருந்தார். அது உண்மைதான். ஆனால் கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்பதும் அதே அளவு உண்மை. அவர் படித்த இடத்தில் அது இல்லை.

அந்த எண் எதை அளக்கிறது

முதலில் அவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். இந்த ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமியைப் பார்த்த உடம்பு அதை எதிர்க்க உண்டாக்கிய, ஆன்டிபாடி என்று நாம் சொல்லும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. ஐஜிஜி என்பது அந்த எதிர்ப்பொருளில் ஒரு வகை. ஒருவருக்கு இந்த எண் அதிகமாக இருந்தால், அவர் உடம்பு எப்போதோ இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். இன்று காலை அது இரைப்பையில் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

“சரி, கிருமி செத்துட்டா அதுவும் போயிடணுமே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி மூலக்கூறுகளில் பாதி சுமார் மூன்று வாரத்தில் அழிந்துவிடும். கிருமி போன அன்றே உற்பத்தியும் நின்றுவிட்டால் 12 வாரத்தில் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் உற்பத்தி அப்படி நிற்பதில்லை. எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் நெடுநாள் உயிர் வாழ்பவை. தூண்டுதல் நின்ற பிறகும் அவை வேலையைத் தொடரும். இரைப்பைச் சுவரிலும் அழற்சி உடனே அடங்காது. கடுமையான அழற்சியைக் காட்டும் செல்கள் சில வாரங்களில் வெளியேறிவிடும். அங்கே கூடியிருந்த மற்ற எதிர்ப்புச் செல்கள் கலைய பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். அதனால்தான் வெற்றிகரமாகக் குணமான பலருக்கு ஐஜிஜி ஓராண்டு கழித்தும் பாசிட்டிவாகவே இருக்கிறது. சிலருக்குப் பல ஆண்டுகள்.

அப்புறம் அந்த நான்கு மடங்கு, ஆறு மடங்கு கணக்கு. ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கென்று ஒரு யூனிட்டும் ஒரு எல்லையும் வைத்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. எனவே ஒரு ஆய்வகத்தின் 84-ஐயும் இன்னொன்றின் 61-ஐயும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. கூடியது என்றும் சொல்ல முடியாது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது. அவர் போட்ட கணக்கு பிழையில்லாதது, அந்த எண்களுக்குத்தான் பொதுவான அடித்தளம் இல்லை. இதை விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரத்தை முதல் ரத்த அறிக்கை வந்தபோதே யாராவது கொடுத்திருந்தால் இரண்டாவது சிகிச்சை நடந்தே இருக்காது.

இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், சிகிச்சை முடிந்த ஒருவருக்கு நானே ஐஜிஜி பார்த்து, பாசிட்டிவ் என்றதும் மறுபடியும் மருந்து எழுதியிருக்கிறேன். ரத்தம் எடுப்பது எளிது. காலியான வயிறு வேண்டாம், மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம், மறுநாளே அறிக்கை வந்துவிடும். அந்த எளிமையில்தான் நாம் வழுக்குகிறோம்.

ரத்த அளவை வைத்துக் குணத்தை அறியவே முடியாதா

முடியும், ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. 1990-களில், ஊதிய மூச்சை வைத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை பரவலாகக் கிடைக்காத காலத்தில், இந்த வழியைப் பலர் முறையாக ஆராய்ந்தார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்து, அதன் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தை உறைய வைக்க வேண்டும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து இரண்டாவது மாதிரி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே தயாரிப்பால், ஒரே தடவையில் சோதிக்க வேண்டும். அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியிருந்தால் கிருமி போய்விட்டது என்று ஓரளவு நம்பலாம். இறங்காவிட்டால் கிருமி இருக்கிறது என்று பொருளில்லை, சிலருக்கு மெதுவாகத்தான் இறங்கும். நடைமுறையில் யார் சீரத்தை உறைய வைக்கிறார்கள்? என் நோயாளிக்குச் சிகிச்சைக்கு முந்தைய மாதிரியே இல்லை. அதனால் அவர் வந்த அன்றே இந்த வழி அடைபட்டுவிட்டது.

எதிர்ப்பொருளின் மற்ற வகைகளான ஐஜிஏ, ஐஜிஎம் ஆகியவற்றைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. அவருடைய இரண்டாவது அறிக்கையில் ஐஜிஏவும் பாசிட்டிவ் என்று இருந்தது. அது பயத்தை இன்னும் ஒரு படி ஏற்றியதைத் தவிர வேறு எதற்கும் உதவவில்லை.

ஹீமோகுளோபின் 10.1-லிருந்து 13.8-க்கு ஏறியிருந்ததே, அது ஆதாரம் இல்லையா? புண் ஆறிவிட்டது, கசிவு நின்றுவிட்டது என்பதற்கு அது ஆதாரம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டுமே சாப்பிட்டிருந்தாலும் அது ஏறியிருக்கும். கிருமி உள்ளே இருந்தால் மாத்திரையை நிறுத்திய பிறகு புண் திரும்பி வரலாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடக் கூடாது. கார்பன்-13 சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள பைகார்பனேட்டை அளக்கும் முறை ஒன்று உண்டு. அதுவும் ரத்தப் பரிசோதனைதான். ஆனால் அது எதிர்ப்பொருளைப் பார்ப்பதில்லை, கிருமி உயிரோடு வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. உண்மையில் அது மூச்சுப் பரிசோதனையின் உறவு. புழக்கத்தில் மிகக் குறைவு. ‘ரத்தப் பரிசோதனை’ என்று அறிக்கையில் பார்த்தால் அது அநேகமாக எதிர்ப்பொருள் பரிசோதனையாகவே இருக்கும்.

இரண்டு வாரக் காத்திருப்பு

கிருமி இன்று இருக்கிறதா என்று கேட்க மூன்று வழிகள் உண்டு: மூச்சுப் பரிசோதனை, மலத்தில் கிருமியின் ஆன்டிஜெனை (அதன் உடலைச் சேர்ந்த புரதத்தை) தேடும் பரிசோதனை, மறுபடியும் எண்டோஸ்கோபி செய்து திசு எடுப்பது. முன்சிறுகுடல் புண் ஆறி, வலியும் இல்லாத ஒருவருக்கு மூன்றாவது தேவையில்லை. இரைப்பையிலேயே புண் இருந்திருந்தால் யோசனை வேறாக இருந்திருக்கும், அங்கே புண் ஆறியதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டிவரும்.

ஆனால் உடனே மூச்சுப் பரிசோதனைக்கு அனுப்பவும் முடியவில்லை. கேட்டுப் பார்த்ததில், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து அவர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையான பேன்டோபிரசோலை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை என்று தெரிந்தது. எட்டு வாரம் போதும் என்று சொல்லியிருந்தும் பயத்தில் தொடர்ந்திருக்கிறார். இந்த வகை மாத்திரை கிருமியின் எண்ணிக்கையை அடக்கி வைக்கும், அழிக்காது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனை செய்தால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். மாத்திரை சாப்பிடும்போது பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் நம்பக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும்.

நான்கு வாரம் ஏன் என்று கேட்டார். இது மெதுவாக வளரும் கிருமி. 1982-ல் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதை முதன்முதலாக வளர்க்க முயன்றபோது, இரண்டு நாளில் எதுவும் வளரவில்லை என்று தட்டுகளை அப்புறப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தபோதுதான் கிருமி கண்ணுக்குத் தெரிந்தது. சிகிச்சையில் தப்பிய சில கிருமிகள் பெருகி, பரிசோதனையில் சிக்கும் அளவுக்கு வளர அவகாசம் தேவை. அவசரப்பட்டால் பொய்யான நல்ல செய்திதான் கிடைக்கும்.

இத்தனை மாதம் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்துவது எளிதாக இருக்காது என்று எனக்குத் தெரியும். அடக்கி வைத்திருந்த அமிலச் சுரப்பு, மருந்து நின்றதும் சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். அதை முன்பே சொல்லி வைத்தேன். எரிச்சல் வந்தால் பிஸ்மத் இல்லாத சாதாரண அமில எதிர்ப்பு மருந்தைக் குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் இரவு அழைத்தார். “திரும்ப ஆரம்பிச்சுடுச்சு டாக்டர். கிருமிதான். எனக்குத் தெரியுது.” நெஞ்செரிச்சல் மட்டும்தான் இருந்தது. பழைய நள்ளிரவு வலி இல்லை, மலம் கறுக்கவில்லை. நாளைக்கே வந்து காட்டச் சொன்னேன். வந்தார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருந்தன. இன்னும் ஒன்பது நாள் தாக்குப்பிடிக்கச் சொன்னேன். தாக்குப்பிடித்தார்.

முடிவு

பதினைந்தாம் நாள் காலை, வெறும் வயிற்றில் மூச்சுப் பரிசோதனை செய்தோம். முதலில் ஒரு பையில் ஊதினார். கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடித்தார். அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதினார். இரைப்பையில் இந்தக் கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்கும், அந்தக் கார்பன் மூச்சில் கார்பன்-டை-ஆக்சைடாக வெளிவரும். இரண்டு பைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பார்கள். எங்கள் முறையில் எல்லை 4. அவருக்கு 0.4 வந்தது. கார்பன்-13 கதிர்வீச்சு இல்லாதது, அதனால் திரும்பச் செய்யவும் பயமில்லை. கார்பன்-14 பயன்படுத்தும் வகையில் மிகச் சிறிய அளவு கதிர்வீச்சு உண்டு, கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்போம்.

மலத்தில் ஆன்டிஜென் பரிசோதனையும் செய்தேன். நெகட்டிவ். வழிகாட்டு நெறிகளின்படி ஏதாவது ஒன்றே போதும், இரண்டாவது தேவையில்லாததுதான். ஆனால் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை இரண்டு அறிக்கையில் பார்த்து உடைந்துபோன ஒருவருக்கு, வேறு வேறு வழியில் வந்த இரண்டு ‘நெகட்டிவ்’ தேவை என்று எனக்குப் பட்டது. இன்றும் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

மூன்றாவது சீட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. கோப்பிலேயே வைத்து, அதன் மேல் ‘கொடுக்கப்படவில்லை’ என்று எழுதித் தேதி போட்டேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் கிடைக்காது. கிருமியை அழித்தது முதல் சிகிச்சையா, இரண்டாவதா? முதல் சிகிச்சையிலேயே போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் அந்த ஒன்பது நாள் வயிற்றுப்போக்கும் நான்கு கிலோவும் வீண். ஒருவேளை முதலாவது தோற்று, இரண்டாவதுதான் வேலை செய்திருக்கலாம். நடுவில் சரியான பரிசோதனை நடக்காததால் இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகள் ஒரு முறை உடம்புக்குள் போனாலே அடுத்த முறை அதன் பலன் குறையலாம். இந்தக் கிருமிக்குச் சிகிச்சை எழுதும்போது, முன்பு எந்த ஆன்டிபயாட்டிக் எடுத்தார், பலித்ததா என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பொருந்தாத பரிசோதனை அந்தத் தகவலையும் அழித்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை எதற்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இதுவரை சிகிச்சையே எடுக்காத ஒருவருக்கு ரத்தக் கசிவு இருக்கிறது, அமில மாத்திரையை நிறுத்த முடியாது, மற்ற பரிசோதனைகள் பொய்யாக நெகட்டிவ் காட்ட வாய்ப்புண்டு என்றால் ஐஜிஜி கைகொடுக்கும். இரைப்பைச் சுவர் தேய்ந்து கிருமி மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் அப்படித்தான். சிகிச்சைக்கு முன் அதற்கு ஒரு இடம் இருக்கிறது.

பின்தொடர்தல்

ஆறு மாதம் கழித்து, வேலை செய்யும் இடத்தில் நடந்த முழு உடல் பரிசோதனையில் ஐஜிஜியும் சேர்ந்திருந்தது. முன்பு 61 காட்டிய அதே ஆய்வகம். இப்போது 22. இன்னும் பாசிட்டிவ் என்றே அச்சாகியிருந்தது. இந்த முறை என்னை அழைக்கவில்லை, வழக்கமாக வரும் நாளில் கொண்டுவந்து காட்டினார். ஒரே ஆய்வகம், ஒரே தயாரிப்பு என்பதால் இந்த இறக்கத்துக்கு ஓரளவு மதிப்பு உண்டு என்றேன். அடுத்த ஆண்டு 14. அதுவும் எல்லைக்கு மேல்தான். வலி திரும்பவில்லை, எடை கூடியிருந்தது, அமில மாத்திரை இல்லாமலே இருக்கிறார். பெரியவர்களுக்கு இந்தக் கிருமி குணமான பிறகு புதிதாகத் தொற்றுவது அரிது என்பதால் வேறு பரிசோதனை எதுவும் எழுதவில்லை.

இன்னொரு மருத்துவரிடம் போகும்போது மறுபடியும் இதே சுழலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு குறிப்பு கேட்டார். கோப்பின் முதல் பக்கத்தில், அந்தச் சிவப்பு அடிக்கோட்டுக்கு மேலே எழுதிக் கொடுத்தேன்: ‘ஹெச். பைலோரி சிகிச்சை முடிந்தது. மூச்சுப் பரிசோதனையிலும் மலப் பரிசோதனையிலும் நெகட்டிவ். ஐஜிஜி இன்னும் பல ஆண்டுகள் பாசிட்டிவாக இருக்கலாம். அதை மட்டும் வைத்து மருந்து கொடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி மூச்சுப் பரிசோதனை செய்யவும்.’